காலித் துறையும் மும்மொழிக் கல்லும்

ஈழநாட்டின் தென்மேற்குக் கரையிலே, கொழும்பிலிருந்து ஏறக்குறைய 120 கிலோமீற்றர் தொலைவில், கடலை நோக்கி நீண்டு செல்லும் ஒரு சிறு முனைநிலத்தின்மேல் அமைந்துள்ளது காலிக் கோட்டை. தெற்கே செல்லும் சுற்றுலாக்களில் மாணவர் இக்கோட்டையைக் காணாது திரும்புவதில்லை. எனினும், பெரும்பாலும் மதிலின்மேல் ஒருமுறை நடந்து, வெளிச்சவீட்டின் முன்னின்று படம் பிடித்து, அரைமணி நேரத்தில் மீண்டும் வண்டியேறிவிடுகின்றனர். ஒல்லாந்தர் கட்டிய கோட்டை என்ற ஒரே தொடரோடு காலியின் வரலாறு அவர்க்கு முடிந்துவிடுகின்றது. ஒல்லாந்தர் அங்கு ஆண்டது 156 ஆண்டுகளே. அவர் வருவதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே அத்துறையின் பெயர் உலகப் பயணி ஒருவனின் ஏட்டில் ஏறிவிட்டது. தமிழர்க்கு அத்துறையோடுள்ள தொடர்பைக் காட்டும் கல்லொன்றும் அந்நகரிலேதான் கண்டெடுக்கப்பட்டது. ஆதலின் காலியைக் காணச் செல்வோர் எதனை எதனைக் காணவேண்டும், கண்டதனை எவ்வாறு விளங்கிக்கொள்ளவேண்டும் என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் ஊரின் பெயர். சிங்கள மொழியில் 'கால' என்பது மாட்டுத் தொழுவத்தைக் குறிக்கும் என்றும், அதிலிருந்தே ஊர்ப்பெயர் தோன்றியதென்றும் பலர் கூறுவர். தமிழிலும் 'கன்றுகாலி' என்னும் வழக்கில் மாட்டினத்தைக் குறிக்கும் சொல்லாகக் காலி இன்றும் வாழ்கின்றது. போர்த்துக்கேயர் தம் மொழியில் 'கலோ' என்பது சேவலாதலின் ஊர்ப்பெயரைச் சேவலோடு சேர்த்துக்கொண்டனர். ஒல்லாந்தர் காலத்துக் கோட்டை வாயிற் சின்னத்திலும் சேவல் வீற்றிருக்கின்றது. ஒலியொப்புமையை வைத்துக்கொண்டு வரலாறு எழுதுவது எத்துணை எளிது என்பதற்கு இப்பெயரே சான்று. மாட்டிலிருந்து சேவலுக்குத் தாவ ஒருவர்க்கு ஓரெழுத்தின் துணையே போதுமானதாயிற்று.

இதனினும் பெரிய தாவல் ஒன்றைச் செய்தவர் இலங்கையிற் குடியேற்றச் செயலாளராக இருந்த சேர் யேம்சு எமேர்சன் தெனந்து என்பவர். 1859ஆம் ஆண்டில் வெளிவந்த தம் பெருநூலிலே, விவிலியம் கூறும் சொலமன் மன்னனின் கப்பல்கள் சென்ற தர்சீசு என்னுந் துறை காலியே என்று அவர் வாதிட்டார். அக்கப்பல்கள் கொண்டுசென்ற பொருள்களுள் மயிலைக் குறிக்கும் எபிரேயச் சொல் தமிழ்த் 'தோகை' என்பதனோடு ஒத்திருத்தலை அவர் எடுத்துக்காட்டுவர். சொல்லொப்புமை ஆராயத்தக்கதே, மயில் தென்னாசியப் பறவை என்பதும் உண்மையே. ஆனால் தோகையென்னுஞ் சொல் தமிழ் வழங்கிய எந்தக் கரையிலிருந்தும் மேற்கே சென்றிருக்கலாம். அதனைக் காலித் துறையோடு கட்டிவைக்க வேறு சான்றில்லை. தமிழ்ச்சொல் ஒன்று வருகின்றதென்பதற்காக இக்கொள்கையை நாம் மகிழ்ந்து ஏற்றல் தகாது.

உறுதியான நிலத்தில் நாம் கால்வைப்பது 1344ஆம் ஆண்டிலாகும். மொறோக்கோ நாட்டினனான இபுன் பதூதா அவ்வாண்டில் இலங்கைக்கு வந்தான். புத்தளத்திலே ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டு, அவன் உதவியாற் சிவனொளிபாத மலைக்குச் சென்று வணங்கி, தென்கரையில் இறங்கித் தினாவர் என்னும் பட்டினத்தை அடைந்தான். தினாவர் என அவன் குறிப்பது இன்றைய தெவிநுவர. நம் மக்கள் தேவேந்திரமுனை என்று வழங்கும் இடம். அங்கே பெருங்கோயில் ஒன்றையும், ஆளுயரப் பொன்னுருவையும், அவ்வுருவின் கண்களாக இரவில் ஒளிரும் இரு மாணிக்கங்களையும், ஆயிரம் அளவினரான அந்தணரையும் யோகியரையும், ஆடல்மகளிர் ஐந்நூற்றுவரையும் பற்றி அவன் எழுதுகின்றான். பயணிகளுக்கு எண்களிற் சிறிது தாராளம் உண்டு. அதனைக் கழித்துப் பார்த்தாலும் அது பெருங்கோயிலென்பதில் ஐயமில்லை. அங்கிருந்து ஆறு காவத அளவில் உள்ள காலி என்னுஞ் சிற்றூரை அடைந்தபோது இப்ராகிம் என்னும் முசுலிம் கப்பற்றலைவன் அவனுக்கு விருந்தளித்தான். காலியைப் பற்றி அவன் கூறுவது இவ்வளவே. கோயில்நகர் பெரிது, காலி சிறிது என்பதும், அச்சிற்றூரிலே கப்பலோட்டும் முசுலிம் ஒருவன் வீடு வைத்திருந்தான் என்பதும் அவ்விரு வரிகளால் நாம் பெறுஞ் செய்திகள். ஆரியச்சக்கரவர்த்தி பாரசீக மொழியை விளங்கிக்கொண்டான் என்றும் அவன் குறிப்பிடுகின்றான். இக்குறிப்பை நினைவில் வைத்துக்கொள்க, பின்னர் வேண்டப்படும்.

1911ஆம் ஆண்டிலே காலி நகரில், கிறிப்சு வீதியருகே, நீர்க்கால்வாய் ஒன்றின்மேல் மூடுகல்லாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்த கற்பலகை ஒன்றை மாகாணப் பொறியியலாளரான தொமலின் என்பவர் கண்டார். எழுத்துள்ள முகம் கீழ்நோக்கியிருந்தமையால் அது எத்தனையோ காலம் எவர் கண்ணிலும் படாது கிடந்தது. உயரம் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு, அகலம் இரண்டரையடி, கனம் ஐந்து அங்குலம். தலைப்பகுதியிற் சீனச் சிற்பமரபைத் தழுவிய இரு பறவைநாகங்கள் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழே வலப்புறத்திற் சீனமொழியிலும், இடப்புறத்தின் மேற்பாதியில் தமிழிலும், கீழ்ப்பாதியிற் பாரசீகத்திலும் சாசனங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. சீனப் பேரரசன் யுங்லோவின் ஏழாம் ஆட்சியாண்டு, இரண்டாம் மாதம் என்பது அதன் காலம். அஃதாவது 1409ஆம் ஆண்டு பெப்ரவரி. சீனக் கடற்படைத் தலைவனான செங் கோ தன் மூன்றாவது பெரும்பயணத்தில் இதனை இலங்கைக்குக் கொணர்ந்தான். கல் சீனத்திலேயே, நாங்கிங் நகரிலே, வெட்டப்பட்டதென்பது அறிஞர் துணிபு.

மூன்று சாசனங்களும் ஒன்றன் மொழிபெயர்ப்பாக மற்றொன்று அமைந்தவையல்ல என்பதே இங்குக் கவனிக்கவேண்டியது. சீனப்பகுதி புத்தபிரானைப் போற்றுகின்றது. தமிழ்ப்பகுதி தெனவரை நாயனாரைப் போற்றுகின்றது. பாரசீகப் பகுதி, சிதைந்த நிலையிலிருப்பினும், இசுலாம் சமயத்தைச் சார்ந்ததென்பது தெளிவு. ஆயின் மூன்றிலும் காணிக்கைகள் ஏறக்குறைய ஒன்றே: பொன் 1,000, வெள்ளி 5,000, பட்டு வகைகள் ஐம்பது ஐம்பதாக, நறுநெய் 2,500 நிறை, விளக்குகள், கலங்கள், கொடிகள் எனப் பட்டியல் நீள்கின்றது. ஒரு சமயத்தார்க்குக் கூட்டியும் மற்றவர்க்குக் குறைத்தும் கொடுக்காமல், ஒரே அளவிற் கொடுத்து, ஒவ்வொருவர்க்கும் அவரவர்க்குரிய மொழியில் அதனை எழுதிவைத்த அரசதந்திரம் வியக்கத்தக்கது. செங் கோ தானும் பிறப்பால் முசுலிம்.

தெனவரை நாயனார் என்பவர் இபுன் பதூதா கண்ட தேவேந்திரமுனைக் கோயிலின் தெய்வமே. சிங்கள மக்கள் உபுல்வன் என்றும், பின்னர் விட்டுணு என்றும் வழிபட்ட அத்தெய்வத்தைத் தமிழ் வணிகர் நாயனார் என அழைத்தனர். சீனச் சக்கரவர்த்தி அவர் புகழைக் கேள்வியுற்றுக் காணிக்கை அனுப்பியதாகக் கல் கூறுகின்றது. இக்காரணத்தாற் கல் முதலில் நாட்டப்பட்ட இடம் தேவேந்திரமுனையே என்றும், கோயில் அழிந்தபின் அங்கிருந்து ஏறக்குறைய 50 கிலோமீற்றர் தொலைவிலுள்ள காலிக்கு வந்ததென்றும் சிலர் கருதுவர். மூன்று சமயத்தார்க்கும் பொதுவான அறிவித்தல் துறைமுகத்திலேதான் நிற்கவேண்டும் என்பார் வேறு சிலர். தமிழ்ப்பகுதியை மட்டும் நோக்கின் முன்னையவர் கூற்றே வலிமையுடையதாகத் தோன்றுகின்றது. ஆனால் கல்லை முழுதாக நோக்குமிடத்து, அதன் நோக்கம் ஒரு கோயிலோடு முடிவடையவில்லை என்பதனை மறுக்கவியலாது.

இனி, மாணவர் தவறாது கேட்கும் வினா ஒன்றுண்டு. சிங்களவர் ஆட்சியிலிருந்த தென்கரையில் நாட்டுதற்கு வெட்டிய கல்லில் ஏன் சிங்களம் இல்லை, ஏன் தமிழ் உண்டு? இவ்வினாவுக்கு மேடைகளில் வழங்கப்படும் விடைகளைக் கேட்டிருக்கின்றோம். கல்லைக் காட்டித் தென்கரை முழுவதும் அக்காலத்தில் தமிழ்நிலம் என்பாரும் உளர். அதே கல்லை ஒரு பொருட்டாகக் கொள்ளாது விடுவாரும் உளர். இரண்டும் கல் கூறாதவை. கல் கூறுவது இது: பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்துமாகடலின் துறைகளிலே வணிகஞ் செய்தோர்க்குத் தமிழும் பாரசீகமும் பொதுமொழிகளாக இருந்தன. அறபு நாட்டுக் குதிரையும் சீனத்துப் பட்டும் ஈழத்துக் கறுவாவும் கைமாறிய இடங்களிலெல்லாம் இவ்விரண்டில் ஒன்றை அறிந்தவர் இருந்தனர். ஆரியச்சக்கரவர்த்தி பாரசீகம் விளங்கியதும் இதனாலேயே. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட சிங்கள மன்னனாகிய முதலாம் பராக்கிரமபாகு, ஊர்காவற்றுறையில் உடைந்த கப்பல்களின் பொருளைப் பற்றிப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் வெளியிட்ட ஆணையைத் தமிழிலேயே எழுதுவித்தான். அக்கல் நயினாதீவில் இன்றும் உளது. யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தாற் காற்பங்கு அரசுக்கு, வணிகப்பொருள் ஏற்றிய கப்பல் உடைந்தால் அரைப்பங்கு அரசுக்கு என்பது அதன் விதி. துறைமுகத்து மக்களுக்கு விளங்கும் மொழியில் அரசன் பேசினான். அதனையே சீனப் பேரரசனும் செய்தான். சீனத்துக் கரையிலும் 1281ஆம் ஆண்டிலே தமிழிற் பொறிக்கப்பட்ட சிவன்கோயிற் சாசனம் ஒன்று சுவான்சௌ நகரில் உள்ளது. ஆதலின் நாங்கிங்கில் தமிழறிந்தார் ஒருவரைக் கண்டுபிடிப்பது அப்பேரரசனுக்கு அரிதாக இருந்திருக்காது. தமிழின் பெருமை பேச விரும்புவோர்க்கு இவ்வுண்மையே போதுமானது. நிலவுரிமைக் கதை வேண்டியதில்லை.

இத்தனை பணிவோடு காணிக்கை வைத்த செங் கோ, 1411ஆம் ஆண்டளவிற் போர்மூண்டு, கோட்டைப் பகுதியில் ஆதிக்கஞ் செலுத்திய அழகக்கோனாரைச் சிறைப்பிடித்துச் சீனத்துக்குக் கொண்டுசென்றான் என்பதனையும் மறத்தலாகாது. கல்லும் போர்க்கப்பலும் ஒரே பயணத்தில் வந்தவை.

போர்த்துக்கேயர் காலத்தைச் சுருங்கக் கூறிச் செல்லலாம். காலியில் அவர் விட்டுச்சென்ற சுவடுகள் சிலவே. 1505ஆம் ஆண்டளவில் முதன்முதல் இலங்கைக் கரையை அடைந்த அவர்கள், அந்நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே காலியிற் கோட்டை கட்டினர். துறைமுகத்தை நோக்கிய கறுப்புக் கொத்தளம் என்னும் பகுதியில் அவர் கைவேலையின் எச்சம் காணலாம். 1588ஆம் ஆண்டு, கொழும்பை முற்றுகையிட்டிருந்த முதலாம் இராசசிங்கனின் கவனத்தைத் திருப்புதற்பொருட்டுத் தோமே த சூசா என்பவன் தென்கரையைக் கொளுத்திக்கொண்டு சென்று தேவேந்திரமுனைக் கோயிலைத் தரைமட்டமாக்கினான். சீனப் பேரரசன் காணிக்கை செலுத்திய தெய்வத்தின் இருப்பிடம் அவ்வாறு அழிந்தது. நம் திருக்கோணேசுவரத்துக்கு அதே கதி நேர்ந்தது 1622இல்.

1640ஆம் ஆண்டு மார்ச்சு 13ஆந் தேதி வில்லெம் யாக்கோப்சு கொசுற்றர் என்னும் ஒல்லாந்தத் தளபதி, கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் துணையுடன், காலியைக் கைப்பற்றினான். ஐந்து மாதங்கள் கழித்துக் கண்டியிலிருந்து திரும்பும் வழியில் அம்மன்னனின் ஆட்களாலேயே அவன் கொல்லப்பட்டான். அவன் பிறந்த ஊரின் பெயரைத் தாங்கிய அக்கர்சுலோட் கொத்தளம் இன்றும் உண்டு. 1656இற் கொழும்பு வீழும்வரை ஒல்லாந்தரின் இலங்கைத் தலைநகர் காலியே. 1663 முதல் அவர்கள் கட்டத் தொடங்கிய மதில்களே இன்று நாம் காண்பவை.

கோட்டையைக் காணச் செல்வோர் புதுவாயிலால் நுழைதலே வழக்கம். அது பிரித்தானியர் 1873இல் மதிலை உடைத்து அமைத்தது. வரலாற்றை முறையாகக் காணவேண்டின் துறைமுகப் பக்கத்திலுள்ள பழைய வாயிலுக்குச் செல்க. அதன் வெளிமுகத்திற் பிரித்தானிய அரசின் சின்னம். உள்முகத்தில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் மூவெழுத்துச் சின்னம், இருபுறமும் சிங்கங்கள், மேலே சேவல், கீழே உரோம எண்களில் 1669. ஆட்சி மாறியபோது புதியவர் வெளிமுகத்தை மட்டும் மாற்றிக்கொண்டு உள்ளே இருந்ததை இருந்தபடி விட்டனர். இவ்வாயில் தனியே நிற்பதன்று. நீண்ட பண்டகசாலை ஒன்றின் நடுவே குடைந்து செல்வது. கறுவாவும் மிளகும் கயிறும் அடுக்கப்பட்ட அப்பண்டகசாலையினூடாகவன்றித் துறைமுகத்திலிருந்து எவரும் ஊருக்குட் புகமுடியாது. வணிகர் குழுவொன்று நாடாளும்போது நகர்வாயில் எவ்வாறு அமையும் என்பதனை இதனினும் தெளிவாகக் காட்டுங் கட்டடம் வேறில்லை. இப்போது அது கடல்சார் நூதனசாலையாக உள்ளது. 1659ஆம் ஆண்டு யூலை மாதத்தில், குடாவிலே நங்கூரமிட்டு நின்ற அவொண்ட்சுற்றர் என்னுங் கப்பல் இரவில் நங்கூரம் நழுவிக் கரைமோதி மூழ்கியது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தொல்லியலாளர் அக்கப்பலை நீருள் ஆராய்ந்தனர். அது முதலில் ஆங்கிலேயர் கப்பலாயிருந்து ஒல்லாந்தர் கைப்பட்டது என்பதும் வேடிக்கையான செய்தியே.

மதிலின்மேல் மாலை வேளையில் நடத்தல் நன்று. நண்பகலில் மாணவரை அங்கே ஏற்றுதல் இரக்கமற்ற செயல். நிலத்தை நோக்கிய வடபுறத்தில் கதிரவன், திங்கள், விண்மீன் எனப் பெயரிய மூன்று பெருங் கொத்தளங்கள். கடற்புறத்தில் திறைற்றன், நெப்டியூன், இயோலசு எனக் கிரேக்க உரோமத் தெய்வப் பெயர் பூண்டவை. ஆக மொத்தம் 14. பகைவர் தரைவழியே வருவரென அஞ்சியமையால் வடமதில் மிகத் தடித்தது. கட்டுமானக் கல்லைக் கூர்ந்து நோக்குவோர் கருங்கல்லோடு முருகைக்கல்லும் கலந்திருத்தலைக் காண்பர். யாழ்ப்பாணத்தார்க்கு அக்கல் புதியதன்று. தென்மேற்கு மூலையிலுள்ள கொடிக்கல்லில் நின்றுதான் குடாவினுள் வருங் கப்பல்களுக்குப் பாறைகளைப் பற்றி எச்சரிக்கை காட்டினர். அங்கிருந்து கிழக்கே நோக்கின் குடாவுக்கப்பால் உரூமசலக் குன்று தெரியும். அனுமன் கொண்டுசென்ற சஞ்சீவி மலையின் துண்டொன்று விழுந்து அக்குன்றாயிற்றென்பது அவ்வூரார் வழங்குங் கதை.

ஒல்லாந்தரின் பொறியியல் திறனைக் காணவிரும்புவோர் கண்ணுக்குத் தெரியாத ஒன்றை நினைத்துக்கொண்டு தெருவில் நடக்கவேண்டும். தெருக்களின் அடியிலே செங்கல்லால் வளைத்துக் கட்டிய கழிவுநீர்க் கால்வாய்கள் செல்கின்றன. கடலின் ஏற்றவற்றத்தைக் கொண்டே அவை கழுவப்பட்டன. பெரிய தேவாலயம் 1755இல் கட்டிமுடிக்கப்பட்டது. அதன் தளத்திற் பதித்த கல்லறைக் கற்களிலே மண்டையோடும் மணற்கடிகையும் கப்பலும் செதுக்கப்பட்டுள்ளன. இக்கற்கள் பழைய இடுகாட்டிலிருந்து 1853இற் கொண்டுவரப்பட்டவை. அவற்றிற் பொறித்த வயதுகளைக் கூட்டிப்பார்த்தால், கறுவாவுக்காக வந்தவர்கள் கொடுத்த விலை ஒருவாறு விளங்கும். குழந்தைகளின் பெயர்கள் மிகப்பல.

ஆனால் கோட்டையின் உயிர்ப்பகுதி மதிலுமன்று, தேவாலயமுமன்று, தெருக்களே. ஏறக்குறைய 36 எக்டயர் பரப்பினுள் குறுக்கும் நெடுக்குமாக ஒடுங்கிய தெருக்கள்; ஓட்டுக்கூரை வேய்ந்து, தூண்தாங்கிய முகப்புத் திண்ணையோடு கூடிய வீடுகள். லேன்பான் தெருவென்பது கயிறு திரிக்கும் இடத்தால் வந்த பெயர். பெட்லர் தெருவுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர் சோனக வணிகர் தெரு என்னும் பொருளுடையது. ஐரோப்பியர்க்கென்றே வகுத்த கோட்டைக்குள் நாளடைவிற் சோனகர் குடியேறி, மாணிக்க வணிகமும் கடைவணிகமுஞ் செய்து, அதன் முதன்மைக் குடிகளாயினர். வீட்டிலே தமிழ் பேசிவந்த மக்கள் இவர்கள். வெளிச்சவீட்டுக்கு எதிரே 1904இல் எழுந்த மீரான் பள்ளிவாசல் தூரத்தே நோக்குவோர்க்குக் கிறித்தவ ஆலயம்போலத் தோன்றும். 1892இல் நிறுவப்பட்ட பஹ்சதுல் இப்ராகிமிய்யா அறபுக் கல்லூரியும் கோட்டைக்குள்ளேயே உள்ளது. இபுன் பதூதாவுக்கு விருந்திட்ட இப்ராகிமின் வழிவந்தோர் இவர் என்று கூறச் சான்றில்லை. ஆயினும் மும்மொழிக் கல்லின் இடப்பக்கத்து இரு மொழிகளுக்குமுரிய வணிக உலகம் எங்கே சென்றதென வினவுவார்க்கு, இத்தெருக்களே விடை.

1796ஆம் ஆண்டு பெப்ரவரியிற் காலி பிரித்தானியர் வசமாயிற்று. நீராவிக் கப்பல்கள் ஓடத் தொடங்கியபின் காலிக்கு மீண்டும் ஒரு பொற்காலம் பிறந்தது. ஐரோப்பாவிலிருந்து கல்கத்தாவுக்கும் சீனத்துக்கும் அவுத்திரேலியாவுக்கும் செல்லும் அஞ்சற் கப்பல்கள் நிலக்கரி ஏற்றும் துறை அதுவாயிற்று. கப்பலில் வரும் ஐரோப்பியச் செய்திகளைக் காலியிலிருந்து புறாக்கள் மூலம் கொழும்புக்கு அனுப்பிய பத்திரிகையும் இருந்தது. 1858இல் தந்தி வந்ததும் புறாக்கள் ஓய்வு பெற்றன. பயணிகள் தங்குதற்குக் கோட்டைக்குள் 1684ஆம் ஆண்டுக் கட்டடமொன்று விடுதியாயிற்று.

ஆனால் அக்குடாவிற் குறையொன்று இருந்தது. தென்மேற்குப் பருவக்காற்றுக்கு அது திறந்து கிடந்தது. நீருள் பாறைகளும் மறைந்து கிடந்தன. 1860ஆம் ஆண்டு மே மாதம், சீனத்துக்குத் தூது சென்ற எல்கின் பிரபுவும் பிரெஞ்சுத் தூதரும் ஏறியிருந்த மலபார் என்னுங் கப்பல் காலியிலேயே உடைந்தது. 1871இல் இறங்கூன் என்னுங் கப்பல் மூழ்கியது. 1869இற் சூயசுக் கால்வாய் திறந்து கப்பல்கள் பெருகிய காலத்திலேதான் இத்துறையின் போதாமை பெரிதாயிற்று. 1875ஆம் ஆண்டு டிசெம்பரில், வேல்சு இளவரசர் கொழும்பில் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டினார். 1885இல் அது முடிந்தது. அஞ்சற் கப்பல்கள் கொழும்புக்குச் சென்றன. காலிக்குப் புகைவண்டி வந்தது 1894இல். அதற்குள் ஏற்றுவதற்குச் சரக்கில்லை. அழிந்திருக்கவேண்டிய பழைய வீடுகள் இடியாமல் நின்றமைக்கு இவ்வறுமையே காரணமென்பது என் கருத்து. கொழும்புக் கோட்டையின் மதில்களைப் பிரித்தானியர் 1869 முதல் இடித்தனர். வளர்ந்த நகருக்கு இடம் வேண்டியிருந்தது. காலியின் மதிலை இடிக்க எவர்க்கும் தேவை எழவில்லை.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆந் தேதி ஆழிப்பேரலை எழுந்தபோது, பகைவரின் பீரங்கிக்கெனக் கட்டிய அம்மதில் கோட்டைக்குள் இருந்தவர்களைக் காத்தது. வெளியேயிருந்த புதுநகரின் பேருந்து நிலையமும் துடுப்பாட்ட மைதானமும் அழிந்தன, உயிரிழந்தோர் மிகப்பலர். மைதானம் திருத்தப்பட்டு 2007 டிசெம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது.

காலியை யாழ்ப்பாணக் கோட்டையோடு ஒப்புநோக்காமல் நம்மவர் திரும்ப இயலாது. இரண்டும் ஒரே கம்பனியின் ஆணையிற் கட்டப்பட்டவை. இலங்கையில் ஒல்லாந்தர் ஆட்சிப்பிரிவுகள் கொழும்பு, காலி, யாழ்ப்பாணம் என மூன்றாக இருந்தன. காலிப் பிரிவின் மாத்தறைக் காடுகளிற் பிடித்த யானைகள் தரைவழியே யாழ்ப்பாணம்வரை நடத்திச் செல்லப்பட்டு, இந்திய வணிகர்க்கு விற்கப்பட்டன. ஐங்கோண வடிவான யாழ்ப்பாணக் கோட்டை, கட்டடக்கலையாற் காலியினும் சிறந்ததென்பார் பலர். அதனுள்ளே 1706இல் எழுந்த தேவாலயம் காலித் தேவாலயத்துக்கு அரை நூற்றாண்டு மூத்தது. 1990ஆம் ஆண்டையொட்டிய போரில் அது இடிந்து கற்குவியலாயிற்று. காலி 1988இல் உலக மரபுரிமைச் சின்னமாக அறிவிக்கப்பட்டதற்கு இரண்டு ஆண்டுகளின் பின் நிகழ்ந்தது இது. அழிவுக்குப் போரே காரணம். எனினும் இன்னொரு வேறுபாட்டையும் கருதவேண்டும். காலிக் கோட்டைக்குள் ஓர் ஊர் இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஊர் வெளியே இருந்தது. கோட்டை படைக்கும் அதிகாரிகளுக்குமே உரியதாயிற்று. மக்கள் குடியிராத கோட்டை எக்காலத்திலும் படைவீட்டுக்கே பயன்படும். படைவீடாக இருக்கும்வரை குண்டு அதனைத் தேடிவரும்.

இதனாலேயே காலியின் இன்றைய நிலை கவலைக்குரியது. அண்மைக்காலத்திற் கோட்டைக்குள் வீடுகளின் விலை உயர, அயல்நாட்டாரும் கொழும்புச் செல்வரும் அவற்றை வாங்கி விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாற்றி வருகின்றனர். பழைய ஒல்லாந்த மருத்துவமனையும் திருத்தப்பட்டுக் கடைத்தொகுதியாகியுள்ளது. கட்டடங்கள் முன்னினும் அழகாகப் பேணப்படுகின்றன என்பதனை மறுத்தற்கில்லை. ஆனால் திண்ணையில் இருந்து பேசும் முதியவரும், ஓதிவிட்டு வீடு திரும்பும் சிறுவரும் குறைந்துகொண்டே வருகின்றனர். பணத்துக்கு விற்றவர்மீது குறை கூறுதல் நமக்குத் தகாது. பழுதுபார்க்கச் செலவு மிகுந்த பழைய வீட்டை வைத்திருப்போரின் இடர் அவர்க்கே தெரியும். வீட்டை விற்காமல் பேண விரும்புவோர்க்கு அரசு பொருளுதவி செய்தல் மதிலைப் பூசுவதனினும் முதன்மையான கடமை என்றே கூறுவேன்.

மும்மொழிக் கல்லைக் காலியிலே தேடி ஏமாறவேண்டாம். அது கொழும்புத் தேசிய நூதனசாலையில் உள்ளது. யாழ்ப்பாணத்திலிருந்து காலி செல்வோர் கொழும்பைக் கடந்தே செல்லவேண்டியிருத்தலால், முதல்நாளில் நூதனசாலைக்குச் சென்று கல்லைக் காட்டிவிட்டு, மறுநாள் கோட்டைக்கு அழைத்துச் செல்லுதல் ஆசிரியர்க்கு எளிது. கல்லின் இடப்பக்கத்து மேற்பகுதியையே மாணவர் தேடவேண்டும். ஆறு நூற்றாண்டுகளும் நீர்க்காலின் ஈரமும் எழுத்துகளைத் தேய்த்திருப்பினும், பழைய தமிழெழுத்து வடிவங்களை முன்னரே கரும்பலகையில் எழுதிப் பயிற்றிச் சென்றாற் சில சொற்களை அவர்கள் தாமே வாசித்துவிடுவர்.